‘கூலி’: கோலார் தங்கவயல் செய்திகளில் ஒரு சொல்லின் பொருள் விரிவு

1. முன்னுரை

அன்றாட வழக்கில் உள்ள ஒரு சொல் செய்தியேடுகளில் ஆளப்படும்போது அதன் பொருள் எல்லை விரிவதுண்டு. சில வேளைகளில் மயங்குவதும் உண்டு. கோலார் தங்கவயலைப் பற்றிய பழைய செய்திகளை மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் ‘கூலி’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். இச்சொல்லின் பொருள்களைப் பிரித்துக் காட்டுவதும், அவற்றைப் பிரித்துணராவிடில் வரலாறே திரிபடையும் என்பதை 1930ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தைக் கொண்டு விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. சொல்லும் பொருள்மாற்றமும்

உழைப்புக்கு ஈடாகப் பெறுவது என்பதே தமிழில் கூலியின் அடிப்படைப் பொருள். 619ஆம் குறளில் இச்சொல் முயற்சிக்குக் கிடைக்கும் பயனைக் குறிக்கின்றது. கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றிலும் இச்சொல் உண்டு. நாட்கூலி, வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி ஆகிய தொகைகளில் இப்பொருளே நிற்கின்றது. உழைக்கும் ஆளைச் சுட்டக் கூலியாள், கூலிக்காரன் என்னும் ஆக்கங்கள் தனியே இருந்தன.

ஆங்கிலத்திலோ இச்சொல் ஆளையே குறித்தது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் யூலும் பர்னலும் இவ்வாங்கிலச் சொல்லை மேற்கிந்தியக் கோலி இனப்பெயருடன் தொடர்புபடுத்தினர். தமிழ்ச் சொல்லையும் சுட்டத் தவறவில்லை. தோற்றம் எதுவாயினும் தமிழ் வழங்கும் பகுதிகளில் இரண்டும் ஒன்றாகவே உணரப்பட்டன. ஊதியத்தின் பெயர் அதனைப் பெறுபவருக்கு ஆகி வந்ததால் இதனை ஆகுபெயர் எனலாம். பன்மை விகுதி இங்கு நல்ல அளவுகோலாகின்றது. ஊதியப் பொருளில் இச்சொல் பொதுவாகக் ‘கள்’ விகுதி ஏற்பதில்லை; ‘கூலிகள்’ என்றால் அது மனிதரையே குறிக்கும்.

3. தங்கவயல் வழக்கு

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் கால்பதித்தபின் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் பெருந்திரளாகக் குடியேறினர். அவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1891இல் 7,085ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் 38,204 ஆயிற்று. இம்மக்களைப் பற்றிய எழுத்துகளில் இச்சொல் நான்கு நிலைகளில் பொருள் தருகின்றது.

(அ) ஊதியம்: கூலி உயர்வு, கூலிக் குறைப்பு.

(ஆ) ஆள்: சுரங்கத்தில் உடலுழைப்புச் செய்பவர்.

(இ) எண்ணலகு: விபத்துச் செய்திகளில் ஐரோப்பியரைப் பெயராலும் பதவியாலும், இந்தியரை எண்ணிக்கையாலும் குறிப்பது அக்கால ஆங்கில ஏடுகளின் பொதுப்போக்கு. அங்குக் கூலி என்பது ஆளைவிடத் தலைக்கணக்கையே சுட்டுகின்றது.

(ஈ) தகுதிப்பெயர்: ‘கூலி லைன்’ என்னும் குடியிருப்புப் பெயரில் தொழிலோடு சமூகத் தாழ்வும் ஏறியுள்ளது. தென்னாப்பிரிக்காவில் காந்தி ‘கூலி பாரிஸ்டர்’ என அழைக்கப்பட்டதும் இவ்வகையே. அங்குத் தொழிற்பொருள் முற்றிலும் நீங்கி இழிபொருள் மட்டுமே எஞ்சியது.

4. தொகை விரியும் இடர்ப்பாடும்

‘கூலி வேலைநிறுத்தம்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இதனைக் ‘கூலிக்கான வேலைநிறுத்தம்’ எனவும் விரிக்கலாம். ‘கூலிகளது வேலைநிறுத்தம்’ எனவும் விரிக்கலாம். முன்னதில் காரணமும் பின்னதில் செய்தவரும் பெறப்படுவர். 1930இல் தங்கவயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தமைக்கு மையக் காரணம் ஊதியம் அன்று. கைரேகை பெற்றுத் தொழிலாளரைப் பதிவு செய்யும் புதிய முறையே ஆகும். குற்றவாளிகளுக்குரிய நடைமுறையைத் தம்மீது சுமத்துவதாக அவர்கள் கருதினர். இத்தகைய போராட்டத்தைக் குறிக்கும் தொடரை முதல் வகையில் விரித்தால் மானத்திற்காக எழுந்த போராட்டம் காசுக்காக எழுந்ததாகிவிடும். இலக்கணப் பிழை இங்கு வரலாற்றுப் பிழையாகின்றது.

5. பெயரும் உரிமையும்

தங்கவயல் தமிழர் பெயரின் ஆற்றலை அறியாதவர் அல்லர். அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பின்னர்த் ‘தமிழன்’ என்னும் பெயரில் 1914 வரை வெளிவந்தது. மாரிகுப்பத்துப் பௌத்தர்கள் இவ்வியக்கத்தில் முன்னின்றனர். 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து இவ்விதழை மீண்டும் நடத்தினார். பிறர் இட்ட பெயரை மறுத்துத் தாமே ஒரு பெயரை மேற்கொண்டதை இதழின் தலைப்பே உணர்த்துகின்றது. இதே காலப்பகுதியில், 1918இல் அமைந்த சென்னைத் தொழிலாளர் சங்கம் போன்ற அமைப்புகளின் வழித் ‘தொழிலாளர்’ என்னும் சொல்லும் வலுப்பெற்றது. அச்சொல் பெறும் ஊதியத்தால் அன்றிச் செய்யும் தொழிலால் மனிதரைச் சுட்டுவதாகும்.

6. முடிவுரை

பழைய செய்திகளை மொழிபெயர்ப்போர் எல்லா இடத்தும் ‘கூலி’ என்றே எழுதினால் பழைய இழிவு தொடரும். எல்லா இடத்தும் ‘தொழிலாளர்’ எனத் திருத்தினால் இழிவு இருந்ததற்கான சான்று மறையும். எனவே, (அ) பொருளில் ‘கூலி’ எனவும், (ஆ) பொருளில் ‘தொழிலாளர்’ எனவும், (இ), (ஈ) பொருள்களில் மேற்கோள் குறிக்குள் மூலச் சொல்லையே இட்டும் எழுதுதல் தகும். தொகைகளை விரிக்குமுன் நிகழ்வின் காரணத்தை ஆராய்தல் இன்றியமையாதது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்கு உழைத்து மறைந்த பலரைப் பற்றி எழுத்தில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லே. அதனைச் சரியாகப் படிப்பது மொழியியலார் அவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடனாகும்.