பெரிய மருந்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாமா?

இந்த எபிசோடில் ஒரு கேள்வியின் வரலாற்றைப் பார்க்கப் போகிறோம். கேட்டவர் என் பெரியப்பா. ஸ்ரீரங்கத்துக்காரர், அப்போது வயது 69.

2016 தை மாதம். இடுப்பு வலி தாங்கவில்லை என்று திருச்சியில் காட்டினோம். பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, பயாப்ஸி, எலும்பு ஸ்கேன் எல்லாம் ஆச்சு. புராஸ்டேட் புற்றுநோய். இடுப்பு, முதுகு, விலா எலும்பு வரைக்கும் பரவியிருந்தது. "முதல்ல ஆண் ஹார்மோனை நிறுத்தணும். கூடவே இப்பவே ஆறு தடவை கீமோவும் குடுத்துடலாம்" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது, காவிரிப் பாலத்தில் ஆட்டோ ஊர்ந்துகொண்டிருக்க, பெரியப்பா கேட்டார்: "ஏன்டா, பெரிய மருந்தை இப்பவே தீர்த்துட்டா அப்புறம் என்ன பண்றது? அதைக் கடைசிக்கு வெச்சுக்கலாமே?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சின்னதில் ஆரம்பித்துப் பெரியதில் முடிப்பதுதானே வழக்கம்? ஆனால் அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

1941க்குப் போவோம். சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் என்ற இரண்டு டாக்டர்கள், பரவிய புராஸ்டேட் புற்றுநோய் ஆண் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது என்று காட்டினார்கள். விரைகளை அகற்றினாலோ, ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ நோய் அடங்கியது, எலும்பு வலி குறைந்தது. ஹக்கின்ஸுக்கு 1966ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது வரிசை என்ற பேச்சே இல்லை. இருந்தது இது ஒன்றுதான்.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரையில் ஒரு வில்லங்கம் இருந்தது. 1960களில் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரிடம் நடந்த ஆய்வில், தினம் 5 மில்லிகிராம் எடுத்தவர்களில் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் அதிகம். புற்றுநோய் அடங்கினாலும் ஆள் தப்பவில்லை. 1971ல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு, மூளையிலிருந்து விரைகளுக்குப் போகும் உத்தரவின் தொடக்கமான ஒரு ஹார்மோனின் அமைப்பைக் கண்டுபிடித்தது. அந்த வழியில் வந்த லூப்ரோலைடு ஊசிக்கு 1985ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஊசி ஆபரேஷனைவிடப் பெரிய மருந்து இல்லை. இரண்டும் செய்வது ஒரே வேலைதான். ஆபரேஷன் ஒரு தடவையோடு முடிந்துவிடும், ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் சில வருஷங்களில் நோய், ஹார்மோன் இல்லாமலே வளரக் கற்றுக்கொண்டுவிடும். அதற்கப்புறம்? 2004ல்தான் டோசிடாக்செல் என்ற கீமோ, ஹார்மோன் சிகிச்சை கைவிட்டவர்களின் ஆயுளைக் கூட்டும் என்று நிரூபணமானது. பழைய கீமோவோடு ஒப்பிட்டால் இரண்டரை மாதம்தான் கூடுதல். பிறகு 2010ல் கபாசிடாக்செல், 2011ல் அபிராடிரோன், 2012ல் என்சாலுடமைட். மூன்றுக்கும் முதலில் கிடைத்த அனுமதி, டோசிடாக்செல்லும் பலிக்காதவர்களுக்கு மட்டும்.

ஏன் எல்லாம் கடைசியில் போய் நிற்கிறது? புது மருந்தை, வேறு வழியே இல்லாதவர்களிடம்தான் முதலில் சோதிக்க முடியும். அங்கே ஜெயித்தால் அங்கேயே அனுமதி. அதாவது, நாம் நம்பியிருந்த அந்த வரிசை, பெரும்பாலும் மருந்துகள் எந்தக் காலத்தில் எங்கே சோதிக்கப்பட்டன என்பதன் வரிசை. நோயைப் பார்த்துப் போட்டது இல்லை.

2015 ஆகஸ்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அதை மாற்றிப் பார்த்தது. பரவிய நோயோடு புதிதாகச் சிகிச்சை தொடங்கும் 790 பேர். பாதிப் பேருக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும், மீதிப் பேருக்குத் தொடக்கத்திலேயே ஆறு டோசிடாக்செல்லும் சேர்த்து. இடைநிலை ஆயுள் 44 மாதத்திலிருந்து 57.6 மாதமானது. மருந்து பழையதுதான், இடம் மட்டும் மாறியது. அதிகமாகப் பரவியவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல், கொஞ்சமாகப் பரவியவர்களுக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. 2017ல் அபிராடிரோனும் இதேபோல முன்வரிசைக்கு வந்தது.

காரணமும் புரிகிற மாதிரிதான். ஹார்மோனை நம்பாத செல்கள் ஆரம்பத்திலேயே கொஞ்சம் இருக்கலாம், அவை பெருகும் முன்பே அடிக்கிறோம். இன்னொன்று, கடைசிக்கு என்று எடுத்துவைத்த மருந்தைத் தாங்க, கடைசியில் உடம்பில் தெம்பு இருக்க வேண்டுமே! பலர் அந்த இடத்துக்கு வந்து சேர்வதே இல்லை.

டாக்டர் பெரியப்பாவிடம் பேசும்போது, அந்த ஆய்வு வெளியாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. இதயம், ரத்தம், கல்லீரல் எல்லாம் பார்த்துவிட்டு, "இப்ப தாங்குவீங்க, அப்புறம் தாங்குவீங்களான்னு தெரியாது" என்றார்.

பெரியப்பா இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கீமோவைவிட அவரை உறுத்தியது ஆபரேஷன்தான். மூன்றாம் நாள் காலை காபி குடிக்கும்போது சொன்னார்: "ஊசிக்கு ஆயுசு பூரா காசு கட்ட முடியாது. ஆபரேஷனே பண்ணிக்கறேன். கீமோவையும் இப்பவே போடச் சொல்லு."

1941ன் சிகிச்சையும் 2015ன் வரிசையும் ஒரே உடம்பில். முடி கொட்டியது, நாக்கில் ருசி போனது, ஒரு தடவை காய்ச்சலோடு அட்மிட் ஆனார். அடுத்த வைகுண்ட ஏகாதசிக்குக் கூட்டத்தோடு நின்று பரமபத வாசல் தாண்டினார். 2019 கடைசி வரை இருந்தார். வரிசை மாறியதால்தான் என்று சொல்ல மாட்டேன், ஒரே ஒரு மனுஷரை வைத்து அதைச் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வந்தால், எது பெரிய மருந்து என்று கேட்காதீர்கள். "இந்த மருந்தை எப்போது கொடுத்தால் பலன் அதிகம், இவர் உடம்பு எப்போது தாங்கும்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பாலத்து மேலே அன்று எனக்கு அது கேட்கத் தெரியவில்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.