பெயரெழுதாப் படங்கள்

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் அமைந்துள்ள ஊர் கெலுகோர். மீன் குழம்பிற்குப் புளிப்பூட்ட உலர்த்திப் பயன்படுத்தும் ஆசாம் கெலுகோர் என்னும் பழத்தின் மரத்தால் இவ்வூர் பெயர் பெற்றது என்பர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் இவ்வூரில் உள்ளது. 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் தீவினைத் தொடுவதும் இவ்வூர்ப் பகுதியில்தான். நெடுஞ்சாலையும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்த இவ்விடத்தில் அண்மைக்காலம் வரை தமிழர் மாடு மேய்த்துப் பால் கறந்து வாழ்ந்தனர் என்று கூறினால், இன்றைய மாணவர் வியப்படைவர். அவ்வாழ்வுக்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. செப்பேட்டுச் சான்றும் இல்லை. எஞ்சியிருப்பவற்றுள் தலையாயவை முதியோர் நினைவும் சில நிழற்படங்களுமே ஆகும்.

ஆயின், ஒரு நிழற்படம் எப்பொழுது வரலாற்றுச் சான்றாகின்றது? படத்தில் முகம் தெரிந்தால் மட்டும் போதுமா? இவ்வினாவை முன்வைத்துப் பினாங்குத் தமிழர்தம் அன்றாட வாழ்வு படமாக்கப்பட்ட வரலாற்றினைச் சுருக்கமாக ஈண்டு நோக்குவோம்.

கண்ணாடித் தகடும் இரு துணைவரும்

ஸ்காத்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் 1837இல் பிறந்த ஜான் தாம்சன், 1862இல் சிங்கப்பூர் வந்தார். பின்னர்ப் பினாங்கிலும், இன்று செபராங் பிறை எனப்படும் வெல்லஸ்லி மாநிலத்திலும் ஏறத்தாழ 10 மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். அங்கோர் கோயில்களையும் சீன நாட்டு மக்களையும் படமாக்கி உலகப் புகழ் எய்திய அவர், தம் கீழ்த்திசை வாழ்வின் தொடக்கக் காலத்தைக் கழித்த இடங்களுள் பினாங்கும் ஒன்று.

அக்காலத்துப் படத்தொழில் கடினமானது. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசைநீரை ஊற்றிப் பரப்ப வேண்டும். பின் அதனை இருட்டில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே மருந்திட்டு உருவத்தை வெளிக்கொணர வேண்டும். வெப்ப நாட்டில் ஈரம் விரைவில் உலர்ந்துவிடும். அதன்பின் முட்டை வெண்கரு பூசிய தாளினைத் தகட்டோடு சேர்த்து வெயிலில் வைத்துப் படியெடுத்து, பன்முறை நீரில் அலச வேண்டும். தனியொருவரால் ஆகக்கூடிய வேலை அன்று இது.

தாம்சனுக்குத் துணைநின்றவர் யாவர்? 1875இல் வெளியான தம் பயண நூலில் அவரே இதனைக் கூறுகின்றார். சீனர்கள் இதனைத் தீய வித்தை எனக் கருதி உதவ மறுத்தமையால், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த இருவரைத் தாம் பயிற்றுவித்துப் படியெடுப்போராகவும் உதவியாளராகவும் வைத்துக்கொண்டதாக எழுதுகின்றார். ஆங்கிலேயர் அந்நாளில் வழங்கிய 'கிளிங்' என்னும் சொல்லால் அவர்களைக் குறிக்கின்றார். அவ்விருவரும் பெரும்பாலும் தமிழராகவே இருந்திருத்தல் வேண்டும். பினாங்கின் மிகப் பழைய நிழற்படங்களுள் சில, நம்மவர் கைகளால் வெயிலில் காய்ந்து நீரில் அலசப்பட்டவை எனக் கருத இடமுண்டு.

அவ்விருவரின் பெயர்களைத் தாம்சன் குறிப்பிடவில்லை.

இதனைத் தமிழகத்தோடு ஒப்பிடுவது பயன் தரும். 1858ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் சென்னை அரசின் பொருட்டுத் திருவரங்கம், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படமாக்கினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீண்ட படமாக ஒட்டிய பெருமை அவருக்குரியது. அவருக்குத் துணையாக இருந்த ஐயாசாமி என்பவரின் பெயர் ஏடுகளில் நிலைத்துள்ளது. பெயர் எழுதப்பட்டமையால், அவரை இன்று நாம் தமிழகத்தின் முன்னோடி நிழற்படக் கலைஞருள் ஒருவராக எண்ண முடிகின்றது. பினாங்கின் இருவருக்கோ அப்பேறு கிட்டவில்லை. தொழில் ஒன்றே, காலமும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு ஒரு வரி எழுத்தில் இருக்கின்றது.

அஞ்சலட்டையில் தமிழர்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிழற்படம் வணிகப் பொருளாயிற்று. 1867இல் சிங்கப்பூரில் தோன்றிய லாம்பர்ட் நிறுவனத்தாரிடம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வட்டாரத்தைச் சார்ந்த ஏறத்தாழ 3,000 காட்சிகள் இருந்தன. பினாங்கில் கவுல்ஃபுஸ் என்னும் ஜெர்மானியர் படநிலையம் நடத்தினார். இத்தகையோர் எடுத்த படங்கள் அஞ்சலட்டைகளாக அச்சாகி ஐரோப்பா வரை சென்றன.

அவ்வட்டைகளில் தமிழரும் இடம்பெற்றனர். மாட்டுவண்டி ஓட்டுநரும் நாவிதரும் நகையணிந்த பெண்டிரும் காணப்பட்டனர். ஆயின் அடியில் அச்சிடப்பட்டது அவரவர் பெயர் அன்று. இனப்பெயர் அல்லது தொழிற்பெயர். வாங்குவோருக்கு வேண்டியது கீழ்த்திசையின் ஒரு மாதிரி மனிதர். ஆதலின் பெயரைக் கேட்க வேண்டிய தேவை வணிகருக்கு எழவில்லை. இப்படங்கள் ஆடை, அணி, கருவி, தெரு ஆகியவற்றைப் பற்றி நமக்கு மிகுதியாகச் சொல்கின்றன. மனிதரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அரசு கேட்ட பெயர்

படத்தோடு பெயரும் ஊரும் சேர்த்து எழுதப்பட்ட காலம் ஒன்று வந்தது. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் பதிவு செய்துகொண்டு, நிழற்படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை பெற வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. தோட்டப்புறத்துத் தமிழர் பலருக்கு வாழ்நாளில் எடுக்கப்பட்ட முதற்படம் அதுவாகவே இருந்திருக்கக்கூடும். அச்சம் நிறைந்த அந்நாளில், அரசு கண்காணிப்பதற்காகவே முகத்தோடு பெயரைச் சேர்த்தது. எனினும் இன்று ஒரு பேரன் தன் பாட்டனாரின் முகத்தை ஐயமின்றி அறிந்துகொள்ள அவ்வட்டை உதவுகின்றது. நோக்கம் வேறாயினும், எழுதிய பெயர் பயன் தருகின்றது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இல்லத்துப் பெட்டியில்

நம் இல்லங்களில் உள்ள படங்களின் நிலை யாது? பழைய பெட்டியைத் திறந்து பார்ப்பின், திருமணப் படங்கள், ஸ்டூடியோவில் திரைக்கு முன் நின்று எடுத்த குடும்பப் படங்கள், இறுதிச் சடங்குப் படங்கள் ஆகியவையே மிகுதியாகக் கிடைக்கும். வேட்டியும் பட்டுப்புடவையும் தெரியும். பால்மரம் சீவும் கத்தியும் பால்வாளியும் சலவைக்கல்லும் தெரியமாட்டா. உழைக்கும் கோலத்தில் படமெடுத்துக்கொள்வது தகுதியன்று என நம் முன்னோர் எண்ணினர். படமெடுப்பது பெருஞ்செலவாக இருந்த காலத்தில், சிறந்த கோலத்திற்கே அச்செலவைச் செய்தனர். அதனைக் குறை கூறுதல் தகாது. எனினும் அதன் விளைவாக, நம் அன்றாட வாழ்வின் படங்களுக்கு அயலார் எடுத்தவற்றையே பெரிதும் நம்ப வேண்டிய நிலை ஏற்பட்டது.

மற்றொரு குறையும் உண்டு. இல்லத்துப் படங்களின் பின்புறம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். வீட்டார் அனைவரும் அறிந்த முகத்திற்குப் பெயர் எதற்கு என்று எழுதாமல் விட்டனர். அறிந்தவர் மறையும்போது அப்பெயரும் மறைந்துவிடுகின்றது. வணிகர் அக்கறையின்மையால் பெயரை விட்டனர். நாமோ நெருக்கத்தினால் விட்டோம். மூன்றாம் தலைமுறையில் இரண்டின் விளைவும் ஒன்றே.

கம்போங் புவா பாலா

கெலுகோருக்கு மீண்டும் வருவோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிட் பிரவுன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் இப்பகுதியில் பெருந்தோட்டம் அமைத்தார். சாதிக்காய் முதலிய நறுமணப் பயிர்கள் அங்கு விளைந்தன. அத்தோட்டத்தில் உழைத்தோரின் வழித்தோன்றல்கள் தொடர்ந்து வாழ்ந்த சிற்றூரே கம்போங் புவா பாலா. மலாய் மொழியில் 'புவா பாலா' என்பது சாதிக்காயைக் குறிக்கும். அவ்வூர் மக்கள் மாடும் ஆடும் வளர்த்தனர். 1967 முதல் 1971 வரை ஒளிபரப்பான 'ஹை சாப்பரல்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை நினைவூட்டியமையால், அவ்வூரைத் 'தமிழ் ஹை சாப்பரல்' என்றும் வழங்கினர்.

2008 ஜூலை மாதத்தில் ஜார்ஜ் டவுன் நகரம் மலாக்காவுடன் சேர்ந்து உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டிலேயே, 2009 செப்டம்பரில், நிலவுரிமை பற்றிய நீதிமன்ற வழக்குகளுக்குப் பின் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டது. கடைசி மாதங்களில் இதழாளரும் ஆர்வலரும் அங்கு வந்து படமெடுத்தனர். ஆதலின் அவ்வூரின் இறுதிக்காலப் போராட்டத்திற்குப் படங்கள் உள. போராட்டம் இல்லாத ஒரு சாதாரண நாளில் காலையில் பால் கறந்ததும், மாலையில் மாடு திரும்பியதும், பொங்கலன்று கொம்பிற்கு வண்ணம் தீட்டியதும் செய்தியாகா. அவற்றைப் படமெடுக்க இதழாளர் வருவதில்லை. அவ்வகைப் படங்கள் இருக்குமாயின், அவ்வூரில் வாழ்ந்தோர் இல்லங்களில்தான் இருத்தல் வேண்டும்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது

இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி உள்ளது, படத்திற்குப் பஞ்சமில்லை. பெயருக்குத்தான் பஞ்சம். ஆகவே தமிழாசிரியர்கள் தம் மாணவர்க்கு ஓர் எளிய பயிற்சியை அளிக்கலாம். வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றனைத் தாத்தா பாட்டியின் முன் வைத்து ஐந்து வினாக்களைக் கேட்கச் செய்க. படத்தில் இருப்போர் யாவர்? எந்த ஊர்? எந்த ஆண்டு? என்ன செய்துகொண்டிருக்கின்றனர்? எடுத்தவர் யார்? விடைகளைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதச் செய்க. பேனா மை காலப்போக்கில் மறுபுறம் ஊறிப் படத்தைக் கெடுக்கும். அதன்பின் அப்படத்தைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொல்க. மொழிப்பயிற்சியும் வரலாற்றுப் பயிற்சியும் ஒருங்கே நிகழும்.

அடுத்து, தம் தெருவில் நாள்தோறும் நிகழும் ஒரு தொழிலைப் படமெடுத்து, அத்தொழிலாளரின் இசைவோடு அவர் பெயரையும் எழுதி வைக்கச் சொல்லலாம். பூக்கட்டுபவர், தோசை சுடுபவர், கோயில் வாயிலைக் கூட்டுபவர் என எவராயினும் ஆகலாம். படமெடுக்குமுன் பெயர் கேட்பது மரியாதையும் ஆகும். 160 ஆண்டுகளுக்கு முன் பினாங்கில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய அவ்வொரு கேள்வியை நம் மாணவர் இன்று கேட்கப் பழகுவாராக.