பாலாற்றுக் குடிநீர் வழக்கு

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் அதன் கரைக் கிணறுகளையும் கெடுத்ததை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு. மாசு செய்தவரே இழப்பை ஏற்க வேண்டும், கேடு உறுதியாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது என்பதற்காகவே சட்ட நூல்கள் இதைப் போற்றுகின்றன. ஆனால் அந்தக் கொள்கைகளுக்கு வலுவூட்டியவை ஊர்களிலிருந்து வந்த கணக்குகள். அந்தக் கணக்குகள் கேட்டது நல்ல தண்ணீர். கிடைத்தது பெரும்பாலும் இழப்பீட்டுத் தொகை.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டு வந்த பகுதி இது. அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு 1970-களில் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாக்கிய தோலை ஊக்குவித்தபின் குரோமியப் பதனிடல் வேகமாகப் பரவியது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாக வழக்கில் கூறப்பட்டது. செலவான நீரில் பெரும்பகுதி உப்பும் ரசாயனமும் கலந்து வாய்க்காலுக்கும் வயலுக்கும் திரும்பியது. வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகக் கணித்தது. வழக்கில் எடுத்துக்காட்டப்பட்ட மற்றொரு தோல் ஆலைப் பகுதியான திண்டுக்கல்லின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கிணறுகளை எண்ணியது: 467-இல் 350 கெட்டிருந்தன. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்கு மைல் கணக்கில் நடந்தார்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு இந்தக் கணக்குகளை எடுத்துச் சொல்லித்தான் நகர்கிறது. தீங்கு இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர் மேல் அது சுமத்தியது. கிணறு கெட்டவரே குற்றத்தையும் நிறுவ வேண்டும் என்ற பழைய அநீதி அங்கே முறிந்தது. வழக்கின் மிகப் பெரிய வெற்றி இதுவே.

வேலைவாய்ப்பும் அந்நியச் செலாவணியும் பாழாகும் என்பது ஆலைகளின் தரப்பு வாதம். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது; பல்லாயிரம் குடும்பங்கள் இத்தொழிலால் உண்கின்றன. தொழிலின் முக்கியத்துவத்தை நீதிமன்றமும் ஏற்றது. சுத்திகரிப்பு ஏற்பாட்டைச் செய்து முடித்தபின் ஆலைகள் இயங்க வழிவிட்டது. அந்தக் கழிவுநீரின் நடுவே வாழ்ந்தவர்களில் ஆலைத் தொழிலாளர்களும் உண்டு என்பதை ஆலைகளின் வாதம் மறந்துவிடுகிறது. மணல் கொள்ளையும் மேற்பகுதி அணைகளும்தான் பாலாற்றைக் கெடுத்தன என்ற வாதம் இன்னும் நுட்பமானது. நீரோட்டம் குறைந்தால் உப்பு செறியும், உண்மைதான். ஆனால் குரோமியப் பதனிடலுக்கான ரசாயனம் தயாரித்து, ராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மணல் அள்ளியதால் வந்ததல்ல.

தடுமாற்றம் தீர்ப்புக்குப் பின்னரே. 2001-இல், தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட இழப்பீட்டு ஆணையம் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் நிர்ணயித்தது; ஏழாண்டுக்கும் மேலான பாதிப்புக்கு ஆளுக்குச் சராசரியாகப் பத்தாயிரத்துக்கும் குறைவு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. குரோமியத்தைப் பெரிதும் பிரிக்க முடிந்த அவற்றின் வழக்கமான முறை, தோலைக் காக்கத் தூவும் உப்பை அப்படியே விட்டுவிடும். அந்த உப்புதான் கிணற்றைக் கரிக்க வைப்பது. 2015-இல் ராணிப்பேட்டை நிலையமொன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தனர். பாலாற்றங்கரை நகரங்களுக்கு மேட்டூரிலிருந்து காவிரி நீர் குழாயில் வருகிறது. குடிப்பவருக்கு அது நிவாரணம், ஆற்றுக்கு அல்ல. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், மாசு நீங்கும்வரை பொறுப்பும் நீடிக்கும் என்றது; இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கவும், ஆற்றைச் சீரமைப்பதைக் குழு ஒன்று கண்காணிக்கவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்குப் பின் 28 ஆண்டுகள் கழித்தும் இப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது.