பழைய கணினியைப் புதுப்பிக்கும் முன்...

2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் பெற்ற கணினிகள், அதிராம்பட்டினம் முதல் கூத்தாநல்லூர் வரை நம் வீடுகள் சிலவற்றில் இன்றும் இருக்கின்றன. மெதுவாக இயங்குகிறது என்று ஒதுக்கிவிடுகிறோம். அதற்குப் பெரும்பாலும் காரணம், உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்தான். அதே இடத்தில் 2.5 அங்குல எஸ்எஸ்டி பொருத்தினால் வேகம் கூடும். ஆனால் உள்ளே இருப்பவை அழியாமல் மாற்ற வேண்டும்.

1. முதலில் புகைப்படங்கள், ஆவணங்கள், ஜமாஅத் கணக்குகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்வோம்.

2. மென்பொருளின் ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தால் அது பெரும்பாலும் இயங்காது. அதன் பதிவுகள் விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியில் இருக்கும். எனவே குளோன்ஸில்லா போன்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் 'குளோன்' செய்ய வேண்டும். எஸ்எஸ்டியின் கொள்ளளவு பழைய டிஸ்க்கைவிடக் குறையக்கூடாது. எதிலிருந்து எதற்கு என்பதை இருமுறை சரிபாருங்கள். மாறினால் அனைத்தும் அழியும்.

3. டிடிஆர்3 ராம் உள்ள இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது. பழையதைக் காட்டி வாங்குங்கள்.

4. மதர்போர்டை மாற்றினால் விண்டோஸ் உரிமம் செல்லாமல் போகலாம்.

5. புதிதாக விண்டோஸ் நிறுவினால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களையும் எடுத்து வையுங்கள். அவை இல்லாவிட்டால் அந்தக் கடிதங்கள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

பழைய டிஸ்க்கை உடனே அழிக்காமல் ஒரு மாதமாவது வைத்திருப்போம். கணினியை மீண்டும் வாங்கலாம். பிறர் நம்மிடம் ஒப்படைத்த கணக்கு அமானிதம்.