ஒரு சென்ட் காசும் சித்தியின் சிவப்பு மருந்தும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. பரீட்சை, ப்ராஜக்ட்னு... சரி, புலம்பலை விட்டுட்டு விஷயத்துக்கு வர்றேன்.

இத்தாலியின் ஒரு சென்ட் காசைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் எட்டு மூலைக் கோட்டை ஒன்று இருக்கும். பெயர் காஸ்டெல் டெல் மான்டே. 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஃப்ரெடெரிக் கட்டியது. நான் முதுகலை படிக்கும் பாரி நகரத்திலிருந்து பெரிய தூரமில்லை. நண்பர்களோடு போயிருந்தபோது அவர்கள் கோட்டையைப் படம் பிடிக்க, நான் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க :-))

1950களில் ஃபார்மிடாலியா நிறுவன ஆய்வாளர்கள் இந்தப் பக்கத்து மண்ணில்தான் சிவப்பாக ஒரு பொருளைச் சுரக்கும் நுண்ணுயிரியைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பொருள்தான் டானோரூபிசின். இங்கே பண்டைக்காலத்தில் வாழ்ந்த டானி மக்களின் பெயரும் மாணிக்கச் சிவப்பும் சேர்ந்த பெயர். அந்த நுண்ணுயிரியை மரபு மாற்றம் செய்து அடுத்த மருந்தை எடுத்தார்கள். ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் அது அட்ரியாமைசின், இன்றைய டாக்சோரூபிசின். 1974ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஊர்ல என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய்க்கு ஏத்தினதும் இதே சிவப்பு மருந்துதான்.

சிக்கல், அது இதயத்தையும் தாக்கும். 1979ல் வான் ஹாஃப் குழுவினர் சுமார் 4,000 நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டினார்கள். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் ஏறியவர்களில் 3 சதவீதம் பேருக்கு இதயச் செயலிழப்பு. 550க்கு 7 சதவீதம். 700க்கு 18! வாழ்நாள் முழுக்க இவ்வளவுதான் என்ற வரம்புக்கு இந்தக் கணக்கும் வலு சேர்த்தது.

ஏன் இதயம்? மருந்து இரும்போடு சேர்ந்து ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்குகிறது, அதைச் சமாளிக்கும் கேட்டலேஸ் நொதி இதயத்தில் குறைவு என்றார்கள். அப்படியென்றால் ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் போதுமே? 1977ல் சயன்ஸ் இதழில் மையர்ஸ் குழுவினர் எழுதினார்கள்: வைட்டமின் ஈ கொடுத்த எலிகளுக்கு இதயப் பாதிப்பு குறைந்தது, கட்டி மீது மருந்தின் வேலையும் குறையவில்லை. எல்லாருக்கும் ஒரே குஷி. ஆனால் 1980களின் தொடக்கத்தில் மனிதர்களிடம் சோதித்தபோது வைட்டமின் ஈயும் காப்பாற்றவில்லை, என்-அசிடைல்சிஸ்டீனும் காப்பாற்றவில்லை.

நிஜமாகவே காப்பாற்றியது லண்டனில் கர்ட் ஹெல்மன் குழுவிலிருந்து வந்த டெக்ஸ்ராசாக்சேன். முதலில் புற்றுநோய் மருந்தாகத்தான் அதைத் தேடினார்கள்! இதயக் காப்பு மருந்தாக 1995ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரும்பைப் பிடித்துக்கொள்வதால்தான் வேலை செய்கிறது என்று நம்பினார்கள். 2012ல் அதுவும் ஆட்டம் கண்டது. இதயச் செல்களில் டோபோஐசோமரேஸ் 2 பீட்டா என்ற நொதி இல்லாத எலிகளை டாக்சோரூபிசின் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. டெக்ஸ்ராசாக்சேன் அந்த நொதியையும் குறைக்கிறது. ஆக, ஃப்ரீ ராடிக்கல் கதையின் ஒரு பகுதி மட்டுமே.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துது?

சித்திக்கு இரண்டாவது கீமோ முடிஞ்சப்போ வாட்ஸ்அப்ல கேட்டாங்க, "ஏன்டா, இதயத்துக்குப் பாதுகாப்புன்னு வைட்டமின் ஈ மாத்திரை சொல்றாங்க, சாப்பிடலாமா?" பஸ்ஸில் நின்னுக்கிட்டே, "நல்லதுதான் சித்தி, சாப்பிடுங்க"ன்னு அனுப்பிட்டேன். செமினாருக்காக இந்தப் பழைய ஆய்வுகளைப் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் கீமோவின் வேலையையே கெடுத்துவிடலாம் என்ற சந்தேகமும் மருத்துவர்களிடம் உண்டு. உடனே போன் போட்டேன். பன்னிரண்டு நாள் விழுங்கியிருந்தாங்க.

"நீ படிச்ச புள்ள, நீ சொன்னியேன்னுதான்டா சாப்பிட்டேன்" என்றார்.

டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். எக்கோ எடுத்துப் பார்த்தார்கள், நல்லவேளை, சரியாக இருந்தது. கீமோ முடிந்துவிட்டது, எக்கோ மட்டும் தொடர்கிறது.

அந்த ஒரு சென்ட் காசை இப்போது பர்ஸில் தனியாக வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சித்தியிடம் கொடுக்கணும்.

பி.கு: நம்மளை நம்பி ஊர்லேருந்து மருந்து கேட்டா, "டாக்டரைக் கேளுங்க"ன்னு சொல்ல வெட்கப்படாதீங்க மக்களே.