பட்டிப்பளை ஆற்று வெள்ளமும் அணையும்: ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள கரையோரத்தின் நெற்செய்கை வரலாற்றை எழுதுவோர் வெள்ளத்தை இயற்கையின் சீற்றமாகவும், அணையை அரசின் கொடையாகவும் கொள்வது வழக்கம். வெள்ளத்தை மறிக்க மண் சுமந்தோர் யார், மறிப்பதெனத் தீர்மானித்தோர் யார் என்னும் வினாக்களோடு இவ்வரலாற்றை நாம் அணுகுகின்றோம்.

1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், பழைய வழமைகளை மீட்பதாகக் கூறிக் காணிச் சொந்தக்காரர் கூடிப் பெரும்பான்மையால் நீர் விதிகளை வகுக்க இடமளித்தது. தேசாதிபதி வார்டின் காலத்தில் (1855-1860) இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டமை இக்கொள்கையின் பாற்பட்டதே. ஆயின் வாக்கு காணிக்கே உரியதாயிற்று. போடியாரின் வயலில் முல்லைக்காரனோடு சேற்றில் நின்றோருக்கு அக்கூட்டத்தில் குரலில்லை. குளக்கட்டு உடைந்தால் முதலில் பட்டினி கிடந்தோரும் அவர்களே. மீட்கப்பட்ட வழமை யாருடைய வழமை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. அமெரிக்காவின் ரெனசிப் பள்ளத்தாக்குத் திட்டம் அதற்கு முன்மாதிரி. அமெரிக்க நிறுவனமான மொறிசன்-நட்சன் இங்கினியாகலையில் அணையைக் கட்டியது. குடியேற்றம், பாசனம், மின்வலு என்பவற்றோடு வெள்ளத் தடுப்பும் நோக்கங்களுள் ஒன்று. கரையோர விவசாயிக்கு நெருக்கமான வாக்குறுதி அதுவே எனலாம். அணை மறித்த நீர் அவன் வயலை அழிக்கவில்லை என்பதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் நீர் பற்றிய தீர்மானம் வட்டைக் கூட்டத்திலிருந்து சபையின் அலுவலகத்துக்கு இடம்பெயர்ந்தது. உழைப்போன் அங்கும் வெளியிலேயே நின்றான். (குடியேற்றத்தின் இனப் பரம்பலும் 1956 யூன் வன்செயலும் தனியே ஆராயப்பட வேண்டியவை.) திட்டத்தை மதிப்பிட்ட பாமர் தலைமையிலான குழு, 1970இல் வெளியான அறிக்கையில், பயனிலும் செலவே மிகுந்ததெனக் கண்டது.

அணை தனக்கு மேலே பெய்யும் மழையை மட்டுமே மறிக்க வல்லது. வடகீழ்ப் பருவக்காற்றின் மழை அணைக்குக் கீழும் பெய்கின்றது. தாழ்ந்த வயல்வெளியும் களப்பும் நிறைகின்றன. மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டினால் நீர் கடலில் சேரும். வயற்காரர் விரைவில் வெட்டக் கேட்பர். களப்பில் மீன் பிடிப்போர் பொறுக்கச் சொல்வர். பொத்துவிலோ அவ்வணையின் பாய்ச்சல் எல்லைக்குத் தெற்கே, சிறு குளங்களையும் மழையையும் நம்பியிருப்பது.

2011 சனவரி வெள்ளம் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களை மூழ்கடித்தது. 2024 நவம்பர் 26 அன்று, மாவடிப்பள்ளியில், வீதி நீரில் மூழ்கியிருந்தமையால் உழவு இயந்திரப் பெட்டியில் வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்களை வெள்ளம் அள்ளிச் சென்றது. அவர்களுட் சிலரின் உடல்கள் நாட்கள் கழித்தே கிடைத்தன.