வேட்டியில் வடிகட்டிய வெயில்

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு வீடியோ கடை இருந்தது. 2008இல் கல்லூரி முடித்த கையோடு அங்கே ஆல்பம் டிசைன் செய்யும் வேலைக்குச் சேர்ந்தேன். மாப்பிள்ளை நெற்றியில் வடியும் வியர்வையை அழிப்பது, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊட்டி மலைக்கு முன்னால் நிறுத்துவது, தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே வந்துவிட்ட கையை வெட்டியெடுப்பது, இவைதான் வேலை. படமெடுக்க நான் கற்றுக்கொண்டது அந்தக் கடையில்தான். தமிழ்க் குறும்படத்தின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் யூடியூபிலிருந்தோ தொலைக்காட்சிப் போட்டிகளிலிருந்தோ தொடங்குகிறார்கள். ஒவ்வொரு சின்ன ஊரிலும் கல்யாண வீடியோ கடை என்று ஒன்று இருந்ததையும், அங்கிருந்து இரவலாக வந்த கேமராவில்தான் பல பேர் முதல் ஷாட்டை எடுத்தார்கள் என்பதையும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

ஃபிலிம் காலத்தில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து படம் எடுத்துப் பார்ப்பது நடக்காத காரியம். 35 எம்.எம்.மில் ஆயிரம் அடிச் சுருள் ஓடி முடிய 11 நிமிடம். வாங்குவதற்கு ஒரு காசு, கழுவுவதற்கு ஒரு காசு, பிரிண்ட் போட ஒரு காசு. அடையாறு திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து 1986இல் ‘ஊமை விழிகள்’ எடுத்தார்கள், அது முழுநீளப் படம். 1992இல் எடிட்டர் பி. லெனின் ‘நாக் அவுட்’ எடுத்துத் தேசிய விருது வாங்கியபோது, குறும்படம் என்ற சொல்லே ஊர்ப்பக்கம் புழக்கத்தில் இல்லை. அதே ஆண்டுகளில் எங்கள் கடை அண்ணா வி.எச்.எஸ். கேமராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செய்யூர் என்று மண்டபம் மண்டபமாகப் போய்க்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்துக் கல்யாண வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லாப் பெண்களும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்பார்கள். சன் கன் என்று ஒரு விளக்கை நேராக முகத்தில் அடிப்பார்கள், அந்தச் சூட்டில் குங்குமம் கரையும். அண்ணா ஒரு கல்யாணத்தில் லைட் பிடிக்கிற பையனை மண்டபத்துச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறார். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் மணப்பெண் முகம் பால் மாதிரி இருந்ததாம். “அன்னிக்குதாம்மா நான் கேமராமேன் ஆனேன்” என்பார். இதற்கு பவுன்ஸ் என்று பெயர் இருப்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

சன் டி.வி.யில் பாலுமகேந்திரா எழுத்தாளர்களின் சிறுகதைகளை வாரம் ஒன்றாகப் படமாக்கிய ‘கதை நேரம்’ வந்தபோது, அண்ணா அதையெல்லாம் வி.எச்.எஸ்.ஸில் பதிந்து வைத்திருந்தார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஒரு கேசட்டைப் போட்டு, ஒரு இடத்தில் நிறுத்துவார். “வெளிச்சம் எங்கேயிருந்து வருது, சொல்லு.” ஜன்னல் என்று சொன்னால், “எந்தப் பக்க ஜன்னல்? திரை போட்டிருக்கா, போடலயா?” என்று அடுத்த கேள்வி வரும். பதில் தப்பானால் மறுபடி ஓடவிடுவார். எனக்கு எந்தக் கல்லூரியும் இவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தந்ததில்லை.

தமிழ்நாட்டில் படமெடுக்கும் தொழிலே இப்படித்தான் தொடங்கியது. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்றவர். புனேயில் ஸ்டூவர்ட் என்ற வெள்ளைக்காரக் கேமராமேனிடம் போய் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தார். கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஒரு பங்களாவைப் பிடித்து, 1917-18 வாக்கில் ‘கீசக வதம்’ எடுத்தார். திரைக்கதைக்கும் நடிகர்களுக்கும் ரங்கவடிவேலு என்ற வழக்கறிஞர் நண்பர் துணை. ஃபிலிம் கழுவ, குளிர்ந்த ஊர் என்பதால் பெங்களூரு. மின்விளக்கு வசதி இல்லாததால் மேலே மெல்லிய வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, அதன் வழியாக இறங்கிய வெயிலில் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. துணி கட்டிய விவரம் மட்டும் தப்பி வந்திருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு, நாங்கள் முதல் படம் எடுத்த தேவனேரிக் கடற்கரை ஞாபகம் வந்தது.

2009இல் கலைஞர் டி.வி.யில் ‘நாளைய இயக்குநர்’ ஆரம்பித்தது. ஞாயிறு காலை கடையிலேயே உட்கார்ந்து பார்ப்போம். நலன் குமரசாமி முதல் சீசனில் ஜெயித்தார். கார்த்திக் சுப்புராஜ், பாலாஜி மோகன், அருண்குமார், ராம்குமார் என்று வந்தவர்களெல்லாம் பின்னால் பெரிய படம் எடுத்தார்கள். ‘காதலில் சொதப்புவது எப்படி’, ‘பண்ணையாரும் பத்மினியும்’, ‘முண்டாசுப்பட்டி’ மூன்றும் முதலில் குறும்படங்கள். குறும்படத்திலிருந்து வந்தவர்களில் என் மனசுக்கு நெருக்கமானவர் ‘காக்கா முட்டை’ எடுத்த மணிகண்டன். அவர் கல்யாணங்களுக்குப் புகைப்படம் எடுத்துப் பிழைத்தவர். 2010இல் அவர் எடுத்த ‘விண்ட்’ குறும்படம்தான் வெற்றிமாறன் கண்ணில் பட்டது. ‘நிழல்’ இதழ் திருநாவுக்கரசு ஊர் ஊராகப் போய்க் குறும்படப் பயிற்சிப் பட்டறை நடத்தியதும் இந்தக் காலத்தையொட்டித்தான். இயக்குநரிடம் உதவியாளராகப் பத்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை என்ற எண்ணம் அப்போது எல்லா ஊரிலும் காற்றில் இருந்தது.

நாங்கள் நாலு பேர். ஒருவன் மகிந்திரா சிட்டியில் ஷிப்டு வேலை. ஒருவன் மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தி என் பள்ளித் தோழி, அவள்தான் நாயகி. படம் எடுக்கலாமா என்று கேட்டதும் அண்ணா நாள்காட்டியைத்தான் புரட்டினார். “ஆடியில எடுங்க.”

இந்த ஒரு வார்த்தையில் எங்கள் தொழிலின் வரலாறே அடங்கியிருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, கேமரா பெட்டிக்குள் சும்மா கிடக்கும். கடைக்காரரும் சும்மா இருப்பார். வேறு ஊர் வீடியோ கடைகளில் வேலை பார்த்தவர்களிடம் விசாரித்திருக்கிறேன், அவர்களும் முதல் படத்தை ஆடியிலோ மார்கழியிலோதான் எடுத்திருக்கிறார்கள். சோனி பி.டி.170 கேமராவை அண்ணா வாடகை இல்லாமல் தந்தார். இரண்டு மினி டி.வி. டேப் எங்கள் செலவு.

திருக்கழுக்குன்றம் வழிப் பேருந்தில் முக்காலியைக் குழந்தை மாதிரி மடியில் கிடத்திக்கொண்டு மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயிலும் அர்ச்சுனன் தபசும் ஐந்து ரதமும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அப்போது கை கேமராவுக்கு 25 ரூபாய் சீட்டு வாங்கினால் போதும், ஆனால் முக்காலி ஊன்றுவதற்கு முன் அனுமதி வேண்டும். அது சரிதான், ஆயிரத்து முந்நூறு வருடக் கல்லுக்கு அந்த மரியாதை வேண்டும். அதனால் கோயில் இல்லாத மாமல்லபுரத்தில் எடுத்தோம். சிற்பப் பட்டறைகள், வடக்கே தேவனேரி மீனவர் குப்பம், சாளுவன்குப்பம் போகும் மணல்.

முதல் நாளே ஒலி எங்களைப் படுத்தியது. காலையில் ஊர் முழுக்க உளிச் சத்தம். பட்டறைக்குப் பட்டறை அது வேறு வேறு தாளம், நடுவில் மிஷின் கட்டரின் கூச்சல் வேறு. மத்தியானம் சாப்பாட்டுக்கு உளி நிற்கும், ஆனால் அதற்குள் காற்று ஏறிவிடும். அதுவும் ஆடிக் காற்று. மைக்கில் பஞ்சு சுற்றி, அதன் மேல் காலுறை மாட்டினோம், அப்படியும் இரைந்தது. சிற்பக் கல்லூரி நண்பன்தான் வழி கண்டான்: “உளிச் சத்தம் போகலன்னா கதையை உளிகிட்ட கொண்டுபோயிடலாம்.” மீனவப் பெண்ணாக இருந்த நாயகி அன்று மாலையே சிற்பியின் மகளாக மாறினாள். சத்தம் கதைக்குள் வந்துவிட்டது. கடற்கரை வசனங்களை மட்டும் பிறகு என் வீட்டில், போர்வைக்குள் உட்கார்ந்து, செல்போனில் பேசிப் பதிந்து சேர்த்தோம். ‘விருமாண்டி’ மாதிரி நேரடி ஒலிப்பதிவு செய்யும் பெரிய படங்களே அபூர்வமாக இருந்த காலம்.

இரண்டாம் நாள் உச்சி வெயில். தோழியின் கண்ணுக்குக் கீழே கரிய குழி மாதிரி நிழல் விழுந்தது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு ஆயா, “இன்னா பாப்பா, புள்ளைய இப்டி வெயில்ல நிறுத்திக்கினு” என்று திட்டிவிட்டு, படகிலிருந்து இரண்டு துடுப்பை எடுத்துக் கொடுத்தார். மகிந்திரா சிட்டி நண்பன் தங்குவதற்குக் கொண்டுவந்திருந்த எட்டு முழ வேட்டியை அவற்றில் கட்டி, தலைக்கு மேல் பிடித்தோம். வெயில் அப்படியே அடங்கியது. முகத்தில் இருந்த கடுகடுப்புப் போய், கன்னத்தின் வளைவு தெரிந்தது. நான் வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். சினிமாக்காரர்கள் இதற்கு ஸ்கிம்மர் என்று தனித் துணி வைத்திருக்கிறார்கள். எங்கள் வேட்டி காற்றில் பாய் மாதிரி உப்பியது, துடுப்புக்கு இரண்டு பேர் தொங்க வேண்டியிருந்தது. ஆயாவும் ஒரு துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தப்பு எடிட்டிங்கில்தான் தெரிந்தது. வேட்டியின் ஜரிகைக் கரை அடர்த்தியான நெசவு, வெயிலை விடாது. தோழியின் தாடையில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு விழுந்திருந்தது. ஒரு ஷாட்டில் தாடையில், அடுத்ததில் கழுத்தில், அதற்கடுத்ததில் காணோம். பதினோரு ஷாட்டில் ஆறைத் தூக்கிப்போட்டேன். அதற்குப் பிறகு எங்கே போனாலும் கரையை மடித்துத் தைத்த வேட்டி ஒன்று பையில் இருக்கும்.

டேப்பைக் கணினிக்குள் ஏற்றுவதும் லேசில்லை. ஒரு மணி நேர டேப் ஏற ஒரு மணி நேரமேதான் ஆகும், 13 ஜி.பி. இடம் பிடிக்கும். கடையில் இருந்த டிஸ்க் நிறைய அடுத்தவர் கல்யாணங்கள். ஒன்றை முடித்து டி.வி.டி. போட்டு அழித்தால்தான் எங்களுக்கு இடம். படத்தை ஒன்பதரை நிமிடத்துக்கு வெட்டினோம், ஏனென்றால் 2006 முதல் யூடியூபில் பத்து நிமிடம்தான் வரம்பு. நாங்கள் படம் எடுத்த ஆண்டு ஜூலையில்தான் அதைப் பதினைந்தாக்கினார்கள், எங்களுக்குச் செய்தி தாமதமாக வந்து சேர்ந்தது. பிறகு எங்கள் கைக்கு வந்த கேனான் 5டி மார்க் 2, 550டி கேமராக்களிலும் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டாது என்பதால் பன்னிரண்டு நிமிடத்தில் பதிவு நின்றுவிடும். ஆயிரம் அடிச் சுருளின் 11 நிமிடத்தையும் சேர்த்துப் பார்த்தால், குறும்படத்தின் நீளத்தைக் கதையைவிட கருவிகளே அதிகம் தீர்மானித்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

நாலு நாளைக்கு மொத்தச் செலவு 3,460 ரூபாய். சாப்பாட்டுக்குத்தான் பாதி போயிற்று.

கதை முடியும் இடத்தில் கடலுக்குள் சூரியன் இறங்க வேண்டும் என்று எழுதியிருந்தோம். நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் விழாது. அதனால் விடியலை எடுத்துப் பின்னோக்கி ஓடவிட்டோம். சூரியன் அழகாக இறங்கியது. ஆனால் நுரை மணலிலிருந்து பிரிந்து கடலுக்கே போய்ச் சேர்ந்துகொண்டது, ஒரு காகம் வால் முன்னால் போக நகர்ந்தது. அலை தெரியாமல் சூரியனை மட்டும் நெருக்கமாக வைத்துச் சமாளித்தோம். செங்கல்பட்டில் பார்த்த எவருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

தேவனேரியில் மீன் ஏலம் போடும் இடத்துச் சுவரில் வேட்டியைக் கட்டிப் போட்டுக் காட்டினோம். கடைசி ஷாட் வந்ததும் ஒரு பெரியவர், “நம்ம கடல்ல ஏதுடா சூரியன் சாயறது?” என்றார். பின்னாலிருந்து பிள்ளைகள்கூட ஆமாம் என்றார்கள். யாரை வைத்து, யாருடைய இடத்தில் எடுத்தோமோ அவர்களுக்கு அது பொய் என்று ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. அண்ணா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நாள் மறுபடி கேமராவை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அன்று சாயங்காலம், சவுக்குத் தோப்புக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் மேலே சூரியன் இறங்கும்போது தோழியைக் கரையில் நிற்கவைத்து, அவளுக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். அவள் நிழல் ஈர மணலில் நீண்டு நீண்டு, அலையைத் தொட்டு, கடலுக்குள் போனது. நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த ஷாட்டுக்கு வேட்டி தேவைப்படவில்லை.

கடை இப்போது வேறு தெருவுக்கு மாறிவிட்டது. டிரோன், கேண்டிட், ரீல்ஸ் என்று அண்ணாவின் மகன் நடத்துகிறார். பழைய வி.எச்.எஸ். கேசட்டுகளைக் கொண்டுவந்து பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள், பாதி கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை. சென்ற மார்கழியில் எங்கள் இரண்டாவது டேப்பை அண்ணா தேடி எடுத்துக் கொடுத்தார். அதை ஓட்டக்கூடிய கேமரா அந்தக் கடையில் ஒன்றுதான் மிச்சம், அதை இணைக்கும் பழைய கணினியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

ஓடவிட்டோம். முதலில் ஒரு கல்யாண வரவேற்பு. அந்த டேப் பாதி உபயோகித்தது என்பதே எனக்கு மறந்திருந்தது. வரிசையாக ஆட்கள் மேடையேறிப் பரிசு கொடுத்துவிட்டு நிற்கிறார்கள், சுவரில் பட்டுத் திரும்பிய அண்ணாவின் வெளிச்சம் எல்லார் முகத்திலும் சமமாக விழுகிறது. இருபத்திரண்டு நிமிடம் ஓடி நீலத் திரை வந்தது. அடுத்த நொடி காற்றின் இரைச்சல், சிலேட்டில் சாக்பீஸால் எழுதிய எண், வேட்டி படபடக்கும் சத்தம். சட்டத்துக்கு வெளியிலிருந்து ஆயாவின் குரல்: “இன்னும் எவ்ளோ நேரம் புடிக்கணும்?”